தேக்கா: மூங்கிலடியில் பிறந்த ஒரு திசைச்சொல்

சிங்கப்பூர்த் தமிழில் ‘தேக்கா’ என்னும் சொல் இன்று மூன்று பொருள்களில் வழங்குகிறது. சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடும் முனையில், பஃபலோ சாலையை ஒட்டி நிற்கும் தேக்கா நிலையம் என்ற கட்டடம் ஒரு பொருள்; அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடைபெறும் காய்கறி, மீன், இறைச்சிச் சந்தை மற்றொரு பொருள்; அரசு ஆவணங்களும் ரயில் நிலையப் பலகையும் ‘லிட்டில் இந்தியா’ என்று குறிக்கும் வட்டாரம் முழுவதும் மூன்றாம் பொருள். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகிவருவதை இலக்கணம் ஆகுபெயர் என்று வழங்கும். தேக்காவில் அந்த நகர்வு ஒருமுறையோடு நின்றுவிடாமல், மரம் நின்ற இடத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து ஊரின் ஒரு பகுதிக்கும் பரவியிருக்கிறது. தேக்காவுக்குப் போய்வருவது என்றால், சிங்கப்பூர்த் தமிழரிடையே, வீட்டுக்கு வேண்டியதை வாங்கிவருவது என்றே பெரும்பாலும் பொருள்.

சொல்லின் ஓசையைக் கேட்டு, இது தேக்கு மரத்தோடு தொடர்புடையது என்று கருதத் தோன்றும். ஆனால் இதன் வேர் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. தென்சீனத்துப் பூஜியான் மாநிலத்தின் கடற்கரை மக்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் ‘தெக்’ என்பது மூங்கிலையும், ‘கியா’ என்பது சிறியதையும், ‘கா’ என்பது காலையும் அடிப்பகுதியையும் குறிக்கும். இம்மூன்றும் சேர்ந்த ‘தெக் கியா கா’ என்பதற்குச் சிறுமூங்கிலின் அடி என்பது பொருள். ரோச்சோர் கால்வாயின் கரையில் ஒரு காலத்தில் மூங்கிற்புதர்கள் அடர்ந்திருந்தமையால், அங்கு வாழ்ந்த சீனர்கள் அவ்விடத்தை அவ்வாறு அழைத்தனர். மரத்தை அடையாளமாக வைத்து, அதன் அடியை ஊருக்குப் பெயராக்கும் இவ்வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து வேம்படியும், தமிழ் வழங்கும் ஊர்கள்தோறும் காணப்படும் ஆலடியும் புளியடியும் இதே முறையில் பிறந்தவையே. தேக்காவை அப்படியே தமிழாக்கினால் ‘மூங்கிலடி’ என்று வரும். பொருளறியாமலே தமிழர் ஏற்றுக்கொண்ட ஒரு பெயர், தம் முன்னோரின் பெயரிடும் மரபோடு இத்தனை நெருக்கமாகப் பொருந்தி நிற்பது வியப்புக்குரியது.

ஓசையளவில் இச்சொல் தமிழாகிய விதமும் கவனிக்கத்தக்கது. ஹொக்கியனில் முதலசை குறுகி ஒலித்துக் ககர மெய்யில் முட்டி நிற்கும். பிற மொழியினரின் வாயில் நடுவிலுள்ள ‘கியா’ தேய்ந்து மறைந்தபின் எஞ்சிய ஈரசைச் சொல்லைத் தமிழர் எடுத்துக்கொண்டபோது, முதலுயிரை நெடிலாக்கி, ககரத்தை இரட்டிக்க வைத்து, பாக்கு, நாக்கு, தேக்கு ஆகியவற்றின் ஓசைக்கட்டுக்குள் கொண்டுவந்தனர். ஈற்றிலுள்ள ஆகாரமோ நிலா, பலா, விழா ஆகிய சொற்களின் வரிசையில் எளிதாகச் சேர்ந்துகொண்டது. அதனால்தான் விழாவுக்கு, விழாவில் என்பன போலவே தேக்காவுக்கு, தேக்காவில் என்று வகர உடம்படுமெய், அதாவது இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தோன்றி அவற்றை இணைக்கும் மெய், பெற்று இச்சொல் வேற்றுமை ஏற்கிறது. கடன்பெற்ற சொல் ஒன்று வேற்றுமையுருபை இயல்பாக ஏற்கத் தொடங்கிய பின், அதை அயற்சொல் என்று ஒதுக்குவது கடினம்.

தமிழ் இலக்கணம் இத்தகைய சொற்களை ஒதுக்கவும் இல்லை. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பகுத்து, செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களில் வழங்குவனவற்றைத் திசைச்சொல் என்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவர் அவ்வெல்லையை விரித்து, தமிழ் ஒழிந்த பதினேழு மொழி நிலங்களிலிருந்து வருவனவற்றையும் திசைச்சொல்லாக ஏற்றார். அந்தப் பதினேழு நிலங்களை எண்ணிக்காட்டும் பழைய செய்யுளில் சாவகமும் கடாரமும் சீனமும் இடம்பெறுகின்றன. அதாவது இன்றைய ஜாவா, மலேசியாவின் கெடா, சீனம் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. சிங்கப்பூர்த் தமிழுக்கு வெளியிலிருந்து சொல் வழங்கிய திசைகளில் இவையும் அடங்கும் என்பதால், தேக்காவுக்கு வேண்டிய இலக்கண இடம், சிங்கப்பூர் துறைமுகமாவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது என்று கூறலாம். மலாயின் ‘கம்போங்’ கம்பமாகவும், ‘கெத்தா’ என்னும் பிசின் ரப்பரைக் குறிக்கும் கித்தாவாகவும் தமிழில் நுழைந்தன. மறுதிசையில் கடை என்பது மலாயில் ‘கெடாய்’ என்றும், மாங்காய் ‘மங்கா’ என்றும் சென்று நிலைத்தன. கடையும் காயும் போயின, கம்பமும் தேக்காவும் வந்தன. இரு திசையிலும் பெரும்பாலும் வாங்கிவிற்போர் வாய்வழியே நடந்த பரிமாற்றம் இது.

தேக்காவுக்குப் போட்டிப் பெயர்களும் இருந்தன. இப்பகுதி சதுப்பும் புல்லும் நீரோடைகளுமாக இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் இங்கே தழைத்தது. மலாயில் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்பது வட்டாரத்தின் பெயராயிற்று. கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என எருமையை இரு மொழிகளில் நினைவூட்டும் தெருக்களும், மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயர் தாங்கிய சாலையும் அக்காலத்தின் எச்சங்கள். 1915இல் கட்டப்பட்ட சந்தைக்கும் அதே மலாய்ப் பெயரே வழங்கப்பட்டு, ‘கேகே மார்க்கெட்’ என்று சுருங்கியது. 1930களில் மாட்டுத் தொழில் இங்கிருந்து அகற்றப்பட்டபின் அப்பெயர் மெல்ல ஒடுங்கி, இன்று மகளிர், சிறார் மருத்துவமனையின் பெயரில் மட்டும் நிலைத்திருக்கிறது. சுண்ணாம்புச் சூளைகளை ஒட்டித் தமிழர் தாமே வழங்கிய ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்னும் பெயரின் கதி இதனினும் இரங்கத்தக்கது. சூளைகள் அணைந்தன, பெயரும் பேச்சிலிருந்து மறைந்தது. தமிழர் தாமே இட்ட பெயர் அழிய, சீனர் இட்ட பெயர் தமிழில் வேரூன்றியதற்குக் காரணம் எளிது: சந்தை தொடர்ந்து நடந்தது, சூளை தொடரவில்லை.

பெயரின் உறுதி கடுமையாகச் சோதிக்கப்பட்ட காலமும் உண்டு. 1979இல் மாண்டரின் பேசுவோம் இயக்கம் தொடங்கப்பட்டபின், சீன வட்டாரமொழிகளில் வழங்கிய இடப்பெயர்கள் பல மாண்டரின் ஒலிப்புக்கு மாற்றப்பட்டன. நீ சூன் என்பது யீஷூன் ஆனதும், ஆவ் காங் என்பது ஹவ்காங் ஆனதும் இவ்வாறே. 1982இல் பழைய சந்தை இடிக்கப்பட்டு, சாலையின் எதிர்ப்புறத்தில் எழுந்த புதிய கட்டடத்துக்கும் ‘சூஜியாவ் நிலையம்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. சீன எழுத்தில் அது மூங்கிலும் அடியுமே. பொருளில் மாற்றமில்லை, ஒலிப்பு மட்டுமே மாறியது. ஆனால் சந்தையில் விற்போரும் வாங்குவோரும் தமிழரும் மலாய்க்காரரும் ஹொக்கியன் பேசுவோருமாக இருந்தமையால், மாண்டரின் அறியாதோருக்கு அப்பெயரை வாசிப்பதும் உச்சரிப்பதும் இடர்ப்பாடாயிற்று. பலகையில் ஒரு பெயரும் வாயில் வேறொரு பெயருமாக ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் கழிந்தபின், 2000ஆம் ஆண்டில் கட்டடம் ‘தேக்கா நிலையம்’ என்று முறைப்படி பெயர் மாற்றப்பெற்றது. மக்கள் பேச்சு ஆவணத்தைத் திருத்திய நிகழ்வு என்று இதனைத் தயக்கமின்றிக் குறிப்பிடலாம்.

அத்தனை ஆண்டுகள் அச்சொல்லை நாவில் வைத்திருந்தது எது என்று ஆராயும்போது, சொல்லை விட்டுச் சந்தைக்குள்ளேயே செல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் விற்குமிடத்துக்குப் பழைய பெயர் அங்காடி. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘அங்கடி’ என்று வழங்கும் திராவிடச் சொல் இது. மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி என்று பகற்சந்தையையும் இரவுச்சந்தையையும் பிரித்துக் காட்டுகிறது. சிங்கப்பூரில் அங்காடி என்பது சமைத்த உணவு விற்கும் சிறுகடைகளுக்கு ஒதுங்கி, ‘உணவங்காடி நிலையம்’ என்ற ஆட்சிச்சொல்லாயிற்று; 2020இல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது அந்த உணவங்காடிப் பண்பாடே. மீனும் கீரையும் விற்று, தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் இடத்துக்கு ‘ஈரச்சந்தை’ என்ற புதுச்சொல் அமைந்தது. தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. எனினும் வீட்டிலிருந்து புறப்படுவோர் இவ்விரு சொற்களையும் விடுத்துத் தேக்கா என்றே சொல்கின்றனர்.

அங்கே வாங்கப்படுவது பொருள் மட்டுமன்று, காலமும்தான். தமிழ் மரபு ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு பாகையில் உள்ள சிங்கப்பூரில் பனியும் இல்லை, வேனிலுக்குத் தனி முகமும் இல்லை. தை பிறக்கும் நாள்கள் வடகிழக்குப் பருவமழையில் நனைந்தே பெரும்பாலும் கழிகின்றன. உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் தீவில், அறுவடை என்பது பெரும்பாலோர் கண்ணுக்குப் புலப்படாத ஒன்று. ஆகவே மாதத்தை வானத்திலும் வயலிலும் பார்த்து அறிய இயலாத தமிழர், அதைச் சந்தைப் பலகையில் பார்த்து அறிகின்றனர். தோகையோடு கரும்புக் கட்டுகள் சுவரில் சாய்ந்தால் தை நெருங்கிவிட்டது. கொத்தோடு மஞ்சளும் இஞ்சியும், மண்பானையும், மாவிலையும், வாழையிலைக் கட்டுகளும் கூடவே வந்துவிடும். எலுமிச்சையும் தேங்காயும் குவிந்தால் தைப்பூசம். பொரியும் கடலையும் மிகுந்தால் ஆயுத பூசை. ஆட்டிறைச்சிக் கடைமுன் வரிசை நீண்டால் தீபாவளி. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவற்றிலிருந்து பிறப்பன கருப்பொருள் என்றும் இலக்கணம் வகுத்த வரிசை இங்கே தலைகீழாக, கருப்பொருளே பொழுதை உண்டாக்குகிறது.

இதில் அரசு நாட்காட்டியின் துணை குறைவு. தீபாவளி பொது விடுமுறை நாள். பொங்கலுக்கு அந்நிலை கிடைத்ததில்லை. தைப்பூசத்துக்கு இருந்த விடுமுறை 1968இல் நீக்கப்பட்டது. விடுமுறை இல்லாத பொங்கலை வட்டாரம் முழுவதும் உணரச் செய்வது கேம்பல் லேனிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் கூடும் பொங்கல் சந்தையே. அங்கே பண்ணையிலிருந்து கொண்டுவரப்படும் மாடுகளை நகரப்பிள்ளைகள் தொட்டுப் பார்க்கின்றனர். எருமைத் தொழுவம் என்று பெயர் பெற்றிருந்த நிலத்தில் மாடு இன்று ஆண்டுக்கொரு முறை வரும் விருந்தாளி.

பண்டிகைப் பொருள்களில் கரும்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றில் உண்டு. ஆகத் தமிழர் நினைவிலேயே கரும்பு வெளியிலிருந்து வந்து ஊரானதாகிய பயிர். கரும்பிலிருந்து எடுக்கும் வெண்சர்க்கரைக்குச் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தென்பாண்டி நாட்டிலும் வழங்கும் ‘சீனி’ என்ற பெயரோ, சீன நாட்டின் பெயரடியாகப் பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தேக்காவில் தமிழ்ப்பெண் ஒருவர் பொங்கலுக்குச் சீனியும் கரும்பும் வாங்கும்போது, வாங்கும் பொருள் ஒன்றின் பெயரும் வாங்கும் இடத்தின் பெயரும் சீனத் திசையிலிருந்து வந்தவையாக இருக்கின்றன.

இத்தொடர்பு சொல்லோடு நிற்கவில்லை. ஹொக்கியன் மக்கள் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை விண்ணுலகப் பேரரசரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். முன்னொரு காலத்தில் பகைவருக்கு அஞ்சிக் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து தம் மூதாதையர் உயிர் பிழைத்ததாகவும், வெளிவந்த நாள் அதுவே என்றும் அவர்களிடையே ஒரு வழிவழிச் செய்தி உண்டு. எட்டாம் நாள் இரவு, பூசை மேசையின் இருபுறமும் முழுக்கரும்புகளைக் கட்டி வழிபடுகின்றனர். ஹொக்கியனில் கரும்பைக் குறிக்கும் ‘கம்ச்சியா’வும் நன்றியைக் குறிக்கும் ‘கம்சியா’வும் ஓசையில் நெருங்கியவை என்பதால், கரும்பை வைப்பதே நன்றி சொல்வதாகிறது. சீனப் புத்தாண்டு நாள் ஆண்டுக்காண்டு மாறினாலும், பொங்கல் கழிந்து ஏறத்தாழ இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் அந்த ஒன்பதாம் நாள் வந்துவிடும். சூரியனுக்கு நன்றி சொல்லத் தோகையோடு கரும்பை நிறுத்திய தமிழ் வீட்டுக்கு அடுத்த கதவில், சில வாரங்களில், அதே போலத் தோகை வெட்டாத கரும்பு மேசையின் இரு பக்கமும் நிற்கும்.