மூன்று ஜில்லா பார்த்த மண்

ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ஆம் தேதி திருச்சுழியில் பிறந்தபோது அந்த ஊர் மதுரை ஜில்லாவில் இருந்தது. 1910-ல் இராமநாதபுரம் ஜில்லா உண்டானதும் அதற்குள் போனது. 1985-ல் காமராஜர் மாவட்டம் பிரிந்தது. பிறகு அதுவே விருதுநகர் மாவட்டம் ஆனது. திருச்சுழி என்னவோ குண்டாற்றங்கரையில் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, பந்தல்குடி என்று நம்ம பக்கத்து வானம் பார்த்த பூமி முழுவதுக்கும் இதே கதைதான். எந்தக் காலத்திலும் ஏதாவது ஒரு சீமையின் ஓரமாகவே இருந்திருக்கிறோம். 1910 வரை சாத்தூர் திருநெல்வேலி ஜில்லா, அருப்புக்கோட்டை மதுரை ஜில்லா. நடுவில் ஒரு மாட்டுவண்டிப் பயண தூரம்தான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தபால் முகவரியில் 'இராமநாதபுரம் ஜில்லா' என்று எழுதுவோம். ஆனால் கலெக்டர் ஆபீசுக்குப் போக மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். அந்த ஜில்லாவின் தலைமையகம் வெகுகாலம் மதுரையில்தான் இருந்தது.

கல்வெட்டுகளில் இந்தப் பக்கத்துக்கு வேறு பெயர்கள். அருப்புக்கோட்டை, செங்காட்டிருக்கை இடத்துவளி. திருச்சுழி இருந்தது பருத்திக்குடி நாட்டில். நாட்டின் பெயரிலேயே பருத்தி இருப்பதைக் கவனியுங்கள். தேவாரம் பாடப்பெற்ற தலம் திருச்சுழி. அதே வட்டாரத்தில் சமணமும் செழித்திருக்கிறது. ஆவியூர் அருகே குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களின் பெயர்களை வடக்கே சமணர்மலையிலும் தெற்கே கழுகுமலையிலும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கோவிலாங்குளத்தில் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சமணக் கல்வெட்டு இருக்கிறது. ஆக, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இது நாலு பக்கத்து ஆட்களும் வந்துபோன இடம்.

மதுரை நாயக்கர் காலத்தில் பாளையங்கள் ஏற்பட்டன. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சேதுபதி சீமை. தெற்கே போனால் எட்டயபுரம், அதற்கும் தெற்கே பாஞ்சாலங்குறிச்சி. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் அருங்குளம், சுப்பலாபுரம் ஊர்களைப் பற்றி எல்லைத் தகராறு. அந்த மாதிரிச் சண்டைகளில் கும்பினிக்காரன் பஞ்சாயத்துக்கு வந்தான். கடைசியில் நாட்டையே எடுத்துக்கொண்டான். கட்டபொம்மனை கலெக்டர் ஜாக்சன் இராமநாதபுரத்துக்கு வரவழைத்தது 1798 செப்டம்பரில். அடுத்த வருஷம் அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கு. அதே 1799-ல்தான் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் மயிலப்பன் சேர்வைகாரர் கும்பினிக்கு எதிராகக் கிளம்பினார். 1803-ல் சேதுபதி சீமை ஜமீன் ஆயிற்று.

சாமி கும்பிடுவதிலும் ஓர் எல்லை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மண்டபசாலையில் இருந்தது அமெரிக்க மதுரை மிஷன். சிவகாசிப் பக்கம் சாட்சியாபுரத்திலும் தெற்கே நாகலாபுரத்திலும் இருந்தவை இங்கிலாந்து மிஷன்கள். திருநெல்வேலிக்காரர்களின் ஜெப முறை வேறு, மதுரைக்காரர்களின் முறை வேறு. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்ட பிறகுதான் இரண்டும் ஒன்றாயின.

இப்படி ஓரமாக இருந்ததால்தான் பல திக்கிலிருந்தும் ஜனங்கள் இங்கே வந்து தங்கினார்கள். நாயக்கர் காலத்தை ஒட்டி கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார், அருந்ததியர் என்று தெலுங்கு பேசுகிறவர்கள் கரிசலுக்கு வந்தார்கள். தேவாங்கர்கள் கன்னடம் பேசிக்கொண்டு தறியோடு வந்தார்கள். அவர்கள் கும்பிடும் சௌடாம்பிகை அம்மன் அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். நெசவில் சாலியர்களும் இருந்தார்கள். மறவர், பள்ளர் முதலியோர் இந்த மண்ணின் பழைய குடிகள். தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார்கள் மாட்டுவண்டிகளில் சரக்கேற்றி வந்தார்கள். வழியில் சரக்கையும் மாட்டையும் காப்பாற்ற மதில் வைத்த பேட்டைகள் கட்டினார்கள். வியாபாரத்தில் மகமை பிடித்து உறவின்முறை நடத்தினார்கள். பாளையம்பட்டியும் அருப்புக்கோட்டையும் அவர்களுடைய ஆறு ஊர்களில் இரண்டு. சிவகாசி, விருதுநகர், சாத்தூர், திருமங்கலம் மற்ற நான்கு.

இவர்களையெல்லாம் சேர்த்துப் பிடித்தது பருத்தி. உழுதவர் ஒருவர், களை வெட்டிப் பருத்தி எடுத்தவர் ஒருவர், வாங்கி விற்றவர் ஒருவர், நெய்தவர் ஒருவர். அமெரிக்காவில் 1861-லிருந்து 1865 வரை உள்நாட்டுச் சண்டை நடந்து அந்த நாட்டுப் பஞ்சு வராமல் போனபோது, இங்கிலாந்து ஆலைகளுக்கு நம் நாட்டுப் பஞ்சின் அருமை தெரிந்தது. கரிசல் பஞ்சு தூத்துக்குடி துறைமுகம் வழியாகப் போனது. இதில் ஒரு வேடிக்கை: மதுரை ஜில்லாவில் விளைந்தாலும் சந்தையில் அதற்குப் பெயர் 'தின்னவெல்லி' பஞ்சுதான்!

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் நடந்தது முழுவதும் அது இல்லை. சர்க்கார் போட்ட எல்லை ஒரு கையெழுத்தில் மாறிற்று. ஊருக்குள், தெருவுக்குத் தெரு போட்ட எல்லை மாறவில்லை. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. நடுவில் 1899-ல் சிவகாசிக் கலவரம். எத்தனையோ வீடுகள் எரிந்தன. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போனவர்களில் தாழ்த்தப்பட்டோர் ஐவர், நாடார் ஒருவர். அதன் பிறகும் 1957-ல் முதுகுளத்தூர்க் கலவரத்தைப் பார்த்தோம். அந்த வருஷத்தைப் பற்றி நம் வயதுக்காரர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது சந்தையில் நின்றால் மூன்று பாஷை காதில் விழும். ஒரே ஆள் மாட்டுத் தரகரிடம் தெலுங்கிலும், துணிக் கடையில் தமிழிலும் பேசுவார். நெசவாளர் தெருவில் தறிச் சத்தத்தோடு கன்னடம் கேட்கும். மாமா, மச்சான், அண்ணே என்று சாதி விட்டுச் சாதி முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதே டீக்கடையில் சிலருக்குத் தனிக் கிளாஸ் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஊரில்தான் நடந்தன.

இன்று அந்தத் தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பெரியவர்களோடு சுருங்கி வருகின்றன. எழுத்தில்லாமல் வாய்வழியே வந்த பேச்சு அது. பேசுகிறவர் போனால் அதுவும் போகும். விதைப்புக்கும் தறிக்கும் கல்யாணத்துக்கும் உள்ள சொற்கள், எந்த ஊரிலிருந்து எதற்காகக் கிளம்பி வந்தோம் என்ற குலதெய்வக் கதை, இவையெல்லாம் எந்த கெஜட்டிலும் கிடையாது. உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் இருந்தால் பேரப்பிள்ளையின் போனைப் பக்கத்தில் வைத்து அவர்களைப் பேசச் சொல்லுங்கள். சண்டை நடந்த கதையையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். நல்லதை மட்டும் எடுத்து வைத்தால் பிள்ளைகளுக்குப் பாதி ஊர்தான் போய்ச் சேரும்.