மண்டபம் முகாமும் ஏதிலியர் கல்வியும்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நோய்த்தடுப்புக் கருதித் தங்கவைத்த இடம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாம். 1983 சூலை இனக்கலவரத்திற்குப் பின், அதே கடலை எதிர்த்திசையில் கடந்து வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் அம்முகாமே புகலிடமாயிற்று. தமிழக அரசு தங்குமிடமும் உதவித்தொகையும் மலிவுவிலை அரிசியும் வழங்கியது.

கூரையும் சோறும் கிடைத்தன. பிள்ளைகளின் படிப்பு என்னாவது? தந்தை செல்வாவின் மைந்தர் சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இவ்வினாவைத் தன் பணியாக ஏற்றது. ஏதிலியருள் கற்றோரே முகாம்தோறும் மாலை வகுப்புகள் நடத்தினர்.

1991இல் இராசீவ் காந்தி கொலையுண்டபின் நிலைமை தலைகீழாயிற்று. கல்விச் சலுகைகள் நின்றன. கல்லூரி வாயில்கள் அடைபட்டன. யாதொரு குற்றமும் அறியாச் சிறாரே அச்சுமையைத் தாங்கினர். 1996இல்தான் வாயில்கள் மீண்டும் திறந்தன.

2021இல் தமிழக அரசு இவ்விடங்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகள் கட்டப்படும் என அறிவித்தது. ஆயினும், 1987 சூலைக்குப் பின் இம்மண்ணில் பிறந்தோரும், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியினர் அல்லாதபோது, பிறப்பால் குடியுரிமை பெறுவதில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையரைச் சேர்க்கவில்லை. அன்று மாலை வகுப்பில் எழுத்தறிந்து பட்டம் பெற்றோர்க்கும் அரசுப் பணியின் வாயில் இதனாலேயே அடைபட்டுள்ளது.