சிலாங்கூர் உள்நாட்டுப் போர்



கிள்ளான் ஆற்றைக் கடந்து கோலாலம்பூருக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. அந்த ஆற்றுக்காக 1867 முதல் 1874 வரை ஒரு போர் நடந்தது. அந்நியர் படையெடுத்து வந்த போர் அன்று. ஒரே மாநிலத்தார் இரு அணியாகப் பிரிந்து மோதிய உள்நாட்டுப் போர். அதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

போருக்கு வேர் ஈயம். 1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, மலாக்கா வணிகர்களிடம் பணம் பெற்று, 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். அவர்கள் அம்பாங் காட்டில் ஈயம் தேடினார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சல் 69 பேரைக் கொண்டுபோயிற்று. மிஞ்சியவர் 18 பேர். ஆனாலும் ஈயம் கிடைத்தது. மேலும் ஆட்கள் வந்தார்கள். கோலாலம்பூர் அப்படித்தான் பிறந்தது.

அக்காலத்தில் சாலை இல்லை. ஈயம் படகில் கீழே வர வேண்டும்; அரிசி படகில் மேலே போக வேண்டும். ஆகவே ஆற்றின் முகத்துவாரத்தைப் பிடித்தவருக்கு வரியும் கிடைத்தது, மேலே உள்ளவர்களின் சோறும் கையில் இருந்தது. முந்தைய சுல்தானின் பேரரான ராஜா மஹாடி, கிள்ளான் தமக்கே உரியது என்றார். அப்துல்லாவுக்கு வரி கட்டவும் மறுத்தார். 1867இல் கிள்ளான் கோட்டையைக் கைப்பற்றினார். அப்துல்லா மலாக்காவுக்கு ஓடி, அங்கேயே காலமானார்.

சுல்தான் அப்துல் சமாட் உடனே தலையிடவில்லை. ஆனால், கிள்ளானிலிருந்து மாதந்தோறும் தமக்கு வரவேண்டிய 500 வெள்ளியை மஹாடி கொடுக்க மறுத்ததும் மனம் மாறினார். 1868இல் தம் மகளைக் கெடா சுல்தானின் தம்பி தெங்கு கூடினுக்கு மணமுடித்து, அவரைத் தம் பிரதிநிதியாக்கினார். 1870இல் கூடின் கிள்ளானைப் பிடித்தார்.

இனி, யார் யார் பக்கம் நின்றார்கள் என்று பாருங்கள். இதை மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்த சண்டை என்று எண்ணிவிடக் கூடாது. கோலாலம்பூரின் காப்பித்தான், அதாவது சீனர் தலைவர், யாப் ஆ லோய் கூடினோடு சேர்ந்தார். அவர் ஹாய் சான் சங்கத்தவர். கஞ்சிங் சுரங்கங்களில் இருந்த கீ ஹின் சங்கத்துச் சீனர்கள் மஹாடி பக்கம் போனார்கள். மலாய் அரச குடும்பமும் அப்படியே இரண்டாகப் பிளந்தது. சையத் மஷோர் என்ற தளபதி முதலில் கூடினுக்காகப் போரிட்டவர். லங்காட்டில் தம் சகோதரர் கொல்லப்பட்டதை அறிந்து அணி மாறினார். சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மண்டைலிங் மக்களின் தலைவர் ராஜா ஆசாலும் 1872இல் கூடினைக் கைவிட்டார்.

கூடின் படையில் கூலிக்கு அமர்த்திய ஐரோப்பியரும் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பால்மரம் இந்நாட்டில் தோட்டப் பயிராக வேரூன்றுவதற்கு முன்பே, கடல் கடந்து வந்த இந்தியர் சிலர் இங்கே துப்பாக்கி ஏந்தி நின்றிருக்கிறார்கள்.

1872இல் மஷோரின் படை கோலாலம்பூரைச் சூழ்ந்துகொண்டது. புக்கிட் நானாஸ் குன்றில் இருந்த கூடினின் வீரர்கள் முற்றுகையை உடைத்து வெளியேற முயன்று, பலர் மாண்டனர். யாப் ஆ லோய் தப்பிக் கிள்ளானை அடைந்தார். ஊர் எரிந்தது, சுரங்கங்களில் வெள்ளம் நிரம்பியது. 1873 மார்ச்சில் பகாங் படையின் துணையோடு கோலாலம்பூர் மீட்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் கோலசிலாங்கூரும் வீழ்ந்தது.

வென்றவர் யார்? மஹாடி நாடிழந்து, 1882இல் சிங்கப்பூரில் இறந்தார். வெற்றி பெற்ற கூடினோ கடனில் மூழ்கினார். சிங்கப்பூரில் அவருக்குத் துணை நின்று பணவுதவியும் செய்த வழக்கறிஞர் டேவிட்சன், 1875இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக அமர்ந்தார். அண்ணன் தம்பி சண்டையில் அடுத்த வீட்டுக்காரன் வந்து நடுவீட்டில் உட்கார்ந்த கதைதான் இது.

யாப் ஆ லோய் கடன் வாங்கி ஊரை மீண்டும் கட்டினார். வெளியேற நினைத்த தொழிலாளரைத் தடுத்து நிறுத்தினார். 1879இல் ஈய விலை ஏறிய பிறகே அவரால் மூச்சுவிட முடிந்தது. 1880இல் மாநிலத் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரயில் ஓடியது. பின்னர் காப்பித் தோட்டமும் ரப்பர் தோட்டமும் வந்தன. நம் பாட்டன் பாட்டிமாரும் வந்தார்கள்.

நேயர்களே, ராஜாக்களின் பெயரும் தளபதிகளின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. அம்பாங் காட்டில் காய்ச்சலில் மாண்ட 69 பேரின் பெயர்களை நம் பிள்ளைகளின் பாடநூல்கள் சொல்வதில்லை. காடழித்து இரயில் பாதை போட்ட நம்மவர்களின் நிலையும் அதுவே. ஆகவே, இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் வேலை செய்தார்? பிள்ளைகள் அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?