துறைக்குப் பெயர் தந்தவர்கள்



யாழ்ப்பாணக் கரையோரத்துப் பெரிய ஊர்கள் பலவற்றின் பெயர் 'துறை' என்றே முடிகிறது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நான் வாழும் நெல்லியடி கடலைத் தொடாத ஊர். ஆயினும் எங்கள் சந்தைக்கு மீன் வருவது கரையோரத் துறைகளிலிருந்துதான். அதனால் துறைகளின் கதை எமக்கும் சொந்தமானது. இன்று அவற்றுள் காங்கேசன்துறையின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

காங்கேயன் என்பது முருகனுக்குரிய பெயர்களுள் ஒன்று. மாவிட்டபுரம் ஆலயத்துக்கான காங்கேயன் திருவுருவம் சோழநாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்து இறங்கிய இடம் இது. முன்னர் கயாத்துறை எனப்பட்ட இவ்விடம் அதன் பின்னரே காங்கேசன்துறை ஆயிற்று என்பது ஐதீகம். 1902 இல் புகையிரதம் வந்தது. 1950 இல் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கியது. இவற்றுக்குப் பக்கத்திலேயே மயிலிட்டி போன்ற ஊர்களில் கடற்றொழிலாளரின் வள்ளங்களும் வலைகளும் வாடிகளும் இருந்தன. பெரிய துறைமுகமும் சிறிய துறைகளும் ஒரே கரையில் வாழ்ந்த காலம் அது.

1990 ஜூனில் யுத்தம் அந்த வாழ்வைக் குலைத்தது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டன. புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது 2015 ஜனவரியில். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலை 3 ஆம் திகதி. இடம்பெயர்ந்த ஆண்டிலே பிறந்த குழந்தை, தன் தகப்பன் வள்ளம் இறக்கிய கரையைக் காண இருபத்தேழு வயதாக வேண்டியிருந்தது.

இதை எண்ணும்போது நம்மவர் பலர் இன்று வாழும் சிட்னி நகரம் நினைவுக்கு வருகிறது. அங்கே துறைமுக ஓரத்தில் 'பரங்காரு' என்றொரு பகுதி உண்டு. பரங்காரு ஒரு பெண்ணின் பெயர். வெள்ளையர் வந்திறங்கிய 1788 ஆம் ஆண்டளவில் அக்கரையில் வாழ்ந்த ஆதிக்குடியான கமரைகல் இனத்தவள் அவள். அங்கு மரப்பட்டைத் தோணியில் சென்று, சிப்பியில் தேய்த்தெடுத்த தூண்டிலால் மீன் பிடித்தவர்கள் பெண்களே. 1790 இல் வெள்ளையர் ஒரே தடவையில் நாலாயிரம் மீன்களை வலையில் அள்ளியபோது அவள் கடுஞ்சினம் கொண்டாள் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அவர்கள் கொடுத்த உடையை அணியவும் மறுத்தாள். 1791 இல் இறந்துபோனாள். அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு குவித்த சிப்பி மேடுகளைச் சுண்ணாம்பாக எரித்துத்தான் புதிய நகரின் சுவர்கள் எழுந்தன.

பிற்காலத்தில் கொள்கலன் இறங்குதுறையாக இருந்த அந்த 22 ஹெக்டேயர் நிலத்துக்கு 2007 இல் அவளது பெயர் சூட்டப்பட்டது. அதன் ஒரு பகுதியில் பழைய கரையை ஒத்த பாறைகளை அடுக்கி, 75,000 க்கும் அதிகமான உள்நாட்டு மரஞ்செடிகளை நட்டு, 2015 இல் பூங்காவாகத் திறந்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அதே பெயரின் கீழ், சற்றுத் தள்ளி, 271 மீற்றர் உயரமான சூதாட்ட விடுதிக் கோபுரமும் எழுந்து நிற்கிறது.

இரு கதைகளும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். அங்கே ஒரு கண்டத்தின் ஆதிக்குடிகள் தம் நிலம் முழுவதையுமே பறிகொடுத்தார்கள். இங்கே இழந்தவர்களிற் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். விடுபட வேண்டிய காணிகள் இன்னமும் இருக்கின்றன. எனினும் இரண்டு கரைகளுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. துறையைப் புதுப்பிக்கும்போது, அதற்கு உயிர் தந்தவர்களுக்கு அங்கே பெயர்ப்பலகை மட்டுந்தானா, இடமும் உண்டா?

காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்டோபரில் கப்பல் வந்தது. இந்திய நன்கொடையுடன் துறைமுகத்தைச் சீரமைப்பது பற்றி 2024 டிசெம்பரில் இரு நாடுகளும் கூட்டாக அறிவித்தன. துறைமுகம் வளரட்டும், தொழில் பெருகட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிறு வள்ளங்கள் கரையேறும் இடமும், மீன் காயவைக்கும் மணலும், கோயிலுக்கும் கடலுக்கும் இடையிலான பாதையும் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கல்லும் பாரும் எங்கே, சோளகம் எப்போது எழும், வாடை எப்போது வீசும் என்பதெல்லாம் அந்தக் கடற்றொழிலாளரின் கல்வி. அது ஏட்டில் இல்லை. 1990 இல் இருபது வயதாயிருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அன்று ஐம்பதாயிருந்தவர்களிற் பலர் வேற்றூரிலேயே கண்மூடினர். பரங்காருவின் கதையை அவளை ஆள வந்தவர்களின் குறிப்புகளிலிருந்தே பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கிறது. நம் கரையின் கதையைச் சொல்ல அதன் மக்கள் இன்னும் இருக்கிறார்கள். நேயர்களே, உங்கள் வீட்டில் அத்தகைய முதியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவரருகில் அமருங்கள்.