கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு மட்டும்தானா?



"எஞ்சினே இல்லாத கிளைடர் ஓட்டுறவருக்கு கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்குத்தானே சேர்?" தரம் 9 மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். பதில் தேடப் போனபோதுதான் அதற்குள் ஒரு வரலாறே இருப்பது தெரிந்தது.

முதலாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜேர்மனிக்கு 1919இன் வெர்சாய் உடன்படிக்கை விமானப் படையைத் தடை செய்தது. எஞ்சின் விமானங்களுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. பறக்கும் ஆசையை விடாத இளைஞர்கள் 1920இல் வாசர்குப்பே மலையில் கிளைடர்களோடு கூடினார்கள். 1922இல் அங்கே பறப்பு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியது.

நீண்ட நேரம் பறப்பவருக்குக் கண்தான் எல்லாம். சூடாகி மேலெழும் காற்று எங்கே இருக்கிறது என்பதை அறிய, பளீரென்ற வெண்முகில்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதே காற்றில் வேறு கிளைடர்களும் வட்டமிடும். ஒன்றைக் காணத் தவறினால் உயிர் போகலாம்.

1930களில் அமெரிக்க இராணுவ விமானிகளின் கண்கூச்சத்தைக் குறைக்கப் பச்சை வில்லைக் கண்ணாடி உருவானது. அதுவே 1937இல் ரே-பான் என்ற பெயரைப் பெற்றது. அதே காலத்தில் எட்வின் லாண்ட் என்பவரின் முனைவாக்கத் தகடும் கண்ணாடிகளுக்குள் வந்தது. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அது வெட்டிவிடும். கடலுக்குப் போகும் எம் மீனவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் விமானிக்கு அதுவே ஆபத்து! விமானி அறையை மூடும் பிளாஸ்டிக்கில் வண்ணத் திட்டுகள் தெரியும். கருவிகளின் திரை சில கோணங்களில் இருண்டுபோகும். எதிரே வரும் கிளைடரின் இறக்கையில் மின்னும் வெளிச்சம், அதாவது "நான் இங்கே இருக்கிறேன்" என்ற ஒரே எச்சரிக்கை, மறைந்துவிடலாம். அதனால்தான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு முனைவாக்கக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. ஒளியில் 70 முதல் 85 வீதத்தை மட்டும் தடுக்கும் வில்லை போதும் என்கிறது. நிறங்களை மாற்றாத சாம்பல் நிறமே சிறந்தது என்றும் சொல்கிறது. புகார் படிந்த நாளில் கபில நிறம் உதவுவதாகச் சில விமானிகள் கூறுகின்றனர்.

ஆக, ஒருவருக்கு நல்ல கண்ணாடி இன்னொருவருக்கு நல்லதல்ல. தொழிலைப் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெருநாளைக்குப் பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். இருட்டில் கண்மணி விரியும். கழியூதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு வில்லை, விரிந்த கண்மணிக்குள் அந்தக் கதிரை இன்னும் கூடுதலாக விட்டுவிடும். கறுப்பாக இருப்பதெல்லாம் பாதுகாப்பல்ல.

கேள்வி கேட்ட அந்த மாணவனுக்கு நன்றி. நாம் சிரித்திருக்கக் கூடாது.