தாமஸ் மன்றோ

சர் தாமஸ் மன்றோ (27 மே 1761 – 6 ஜூலை 1827) கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி, வரி நிர்வாகி, நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவர், சென்னை மாகாண ஆளுநர். அரசு உழவரிடமே நேரடியாக நிலவரி பெறும் ரயத்துவாரி முறையைச் சென்னை மாகாணத்தில் நிலைநிறுத்தியவர்.

இளமையும் படைப்பணியும்

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை புகையிலை வணிகர். அமெரிக்க விடுதலைப் போரால் அவரது வணிகம் நொடித்தது. கம்பெனிப் படையில் சேர்ந்த மன்றோ 1780இல் சென்னைக்கு வந்தார். ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருக்கு எதிரான போர்களில் பங்கேற்றார்.

நிலவரி

இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் 1792இல் கம்பெனி வசமானது. அங்கு அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக 1799 வரை மன்றோ பணியாற்றினார். நிலத்தை அளந்து, ஒவ்வோர் உழவருக்கும் தனித்தனியே வரி விதிக்கும் முறை அங்கே உருவானது. இடைத்தரகர் நீங்கினாலும் வரிச்சுமை நீங்கவில்லை. விளைச்சலில் ஏறத்தாழப் பாதி வரியாகப் போனது. கடப்பை, பெல்லாரி பகுதிகளை நிர்வகித்த மன்றோ, அங்கு வரியில் கால் பங்கைக் குறைக்குமாறு 1807இல் பரிந்துரைத்தார். அவர் ஆளுநரான 1820இல்தான் அது நிறைவேறியது.

நீதித்துறை

மன்றோ சட்டம் பயின்றவர் அல்லர். எனினும் 1814இல் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவரானார். 1816ஆம் ஆண்டுச் சட்டங்களால் கிராம முன்சீப், மாவட்ட முன்சீப் பொறுப்புகள் இந்தியருக்குக் கிடைத்தன. சிறு வழக்குகளுக்காக உழவர் தொலைதூர நீதிமன்றத்துக்கு அலையும் நிலை குறைந்தது. அதே சட்டங்கள் காவல், மாஜிஸ்திரேட் அதிகாரங்களைக் கலெக்டரிடம் ஒப்படைத்தன. வரி வசூலிப்பவரே தண்டிக்கவும் கூடும் என்ற நிலை முறைகேட்டுக்கு வழிவகுத்தது. வரிக்காக உழவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855ஆம் ஆண்டு விசாரணைக் குழு உறுதிசெய்தது.

ஆளுநர் பதவி

1820 முதல் 1827 வரை ஆளுநராக இருந்தார். 1822இல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரியவந்தது. இந்தியரை உயர்பதவிகளுக்குத் தகுதிப்படுத்த வேண்டும் என்று 1824ஆம் ஆண்டுக் குறிப்பில் வலியுறுத்தினார்.

பெரியகுளம் வட்டாரத்தில்

மன்றோ இப்பகுதியில் கலெக்டராக இருந்தவர் அல்லர். ஆயினும் அவரது முறை இங்கும் வேரூன்றியது. போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்ற ஜமீன்களில் உழவர் ஜமீன்தாருக்கே வரி கட்டினர். ரயத்துவாரி ஊர்களில் பட்டா உழவர் பெயரில் இருந்தது. ஒரே பள்ளத்தாக்கில் இரு முறைகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலவின. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீன் நிலங்களையும் ரயத்துவாரிக்கு மாற்றியது. இன்று பெரியகுளம் வட்டாட்சியர் அலுவலகத்தில் உழவர் தம் பெயரில் பெறும் பட்டா அம்முறையின் தொடர்ச்சியே.

மறைவு

பதவிக்காலம் முடியும் தறுவாயில் சுற்றுப்பயணம் சென்ற மன்றோ, கர்நூல் பகுதியிலுள்ள பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். அவரது குதிரைவீரன் சிலை 1839இல் சென்னையில் நிறுவப்பட்டது.