சேலத்தில் எடுத்த பர்மா

இந்த முறை சினிமா பற்றி. ஆனால் பாட்டு, நடிகைகள் பற்றி அல்ல. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே யுத்தத்தை வைத்துப் படம் எடுத்தவர்கள், அதில் சிரிப்புக் காட்டியவர்கள் பற்றி.

1941-ல் அமெரிக்காவில் 'பக் பிரைவேட்ஸ்' என்ற படம் வந்தது. ஆபட், காஸ்டெல்லோ என்ற ஒல்லியும் குண்டுமான நகைச்சுவை ஜோடி அதில் தெரியாத்தனமாகப் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஆர்தர் லூபின் டைரக்‌ஷன், யூனிவர்சல் கம்பெனி தயாரிப்பு. அதற்கு முந்தைய வருஷம்தான் அங்கே கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்திருந்தது. மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பப் போகும் வீட்டுக்கு ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. படம் பிரமாதமாக ஓடியது.

அதே மாதிரி நம் பக்கம் எதுவும் உண்டா என்றால், உண்டு. 1945-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பர்மா ராணி'. முழுக்க முழுக்க நகைச்சுவைப் படம் அல்ல, உளவுக் கதை. ஆனால் அன்றைய தமிழ்நாட்டின் சிரிப்பு நடிகர்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். நம் ஜவளகிரிக்காரர்கள் இதை நம் ஜில்லாப் படம் என்றே சொல்லிக்கொள்ளலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் அப்போது சேலம் ஜில்லாதான். தருமபுரி பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல்.

முதலில் அந்தக் கால நிலவரம். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்த நம்மவர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகக் காடு, மலை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் பசியாலும் காய்ச்சலாலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸே காலியானது.

பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு. யுத்தத்தால் அதற்குக் கடும் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்கு முன் மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓடிய படங்கள் உண்டு. பாட்டுகள் குறைந்ததற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணமல்ல, இந்த உத்தரவும் காரணம். பிலிம் கிடைக்க லைசென்ஸ் வேண்டும். பிறகு யுத்தத்துக்கு ஆதரவான படமும் எடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் வந்தது.

நான் ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்த குமாஸ்தா. பர்மிட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மறுக்க முடியாத இடத்தில் 'விருப்பத்துடன் ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். ஆகவே அன்றைய பட முதலாளிகளை வெள்ளைக்காரன் கைக்கூலி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காங்கிரஸ்காரரான கே. சுப்ரமணியமே, 'தியாகபூமி' எடுத்துத் தடை வாங்கியவர், 1945-ல் 'மானசம்ரட்சணம்' எடுத்தார். ஜெமினிக்காகக் கொத்தமங்கலம் சுப்பு 'கண்ணம்மா என் காதலி' எடுத்தார். எல்லாம் அந்த நிர்ப்பந்தத்தில் வந்தவை.

இனி 'பர்மா ராணி'யின் மனிதர்கள். முதலாளியும் டைரக்டரும் டி.ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பி, ஏற்காடு ரோட்டில் ஸ்டூடியோ கட்டினார். முதல் மலையாளப் பேசும் படம் 'பாலன்' (1938) அவர் கம்பெனி எடுத்தது. முதல் தமிழ் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவருடையதே. நேரம் தவறாமைக்கும் கண்டிப்புக்கும் பேர் போனவர். ஸ்டூடியோவைத் தொழிற்சாலை போல நடத்தினார் என்பார்கள். இந்தப் படத்தில் அவரே ஜப்பானிய ராணுவ அதிகாரியாக நடித்தார். வில்லன் வேஷத்தை முதலாளியே எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்த சங்கதி.

கதை சுருக்கம் இதுதான். ஜப்பானியர் பிடித்த பர்மாவில் இந்திய விமானப்படையினர் மூன்று பேர் சிக்கிக்கொள்கிறார்கள். ராணி என்ற பெண் உதவுகிறாள். எப்படித் தப்பி வருகிறார்கள் என்பது மீதி. ராணியாக கே.எல்.வி. வசந்தா. கதாநாயகன் ஹொன்னப்ப பாகவதர். இவர் கன்னடக்காரர், பெங்களூருக்கு அப்பால் நெலமங்கலப் பக்கம். பின்னால் 1955-ல் 'மகாகவி காளிதாசா' என்று கன்னடத்தில் சொந்தப் படம் எடுத்தார். சரோஜாதேவியை அறிமுகம் செய்த படம் அது. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், ஆபீசில் தமிழ் என்று வாழும் நம் எல்லை ஊருக்கு இவர் அந்நியர் அல்ல.

சிரிப்புக்கு என்.எஸ். கிருஷ்ணன் - டி.ஏ. மதுரம் ஜோடி. 'சபாபதி' புகழ் காளி என். ரத்னம் - சி.டி. ராஜகாந்தம் ஜோடி. டி.எஸ். துரைராஜ் வேறு. செருகளத்தூர் சாமாவும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் உண்டு. ஒரே படத்தில் இத்தனை நகைச்சுவைக்காரர்களா என்று கேட்கலாம். காரணம் எளிது. சர்க்கார் சொல்லும் பாடத்தைக் கேட்க யாரும் காசு கொடுத்து வரமாட்டார்கள். கலைவாணரைப் பார்க்க வருவார்கள். கசப்பு மருந்துக்குத் தேன் மாதிரி.

ஆனால் அந்தத் தேனுக்கே சோதனை வந்தது. 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதானார். விடுதலை 1947-ல்தான். சர்க்காருக்கு ஆதரவான படம் வந்த வருஷத்தில், அதில் சிரிக்க வைத்தவர் அதே சர்க்காரின் வழக்கில் மாட்டியிருந்தார்.

காலமும் படத்துக்குச் சாதகமாக இல்லை. 1945 மே மாதம் ரங்கூன் மீட்கப்பட்டது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. நவம்பரில் டில்லி செங்கோட்டையில் நேதாஜியின் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியதும் நாடே அவர்கள் பக்கம் நின்றது. பர்மாவில் 'ராணி' என்றால் ஜனங்களுக்கு ஜான்சி ராணிப் படையும் நம் மெட்ராஸ் கேப்டன் லட்சுமியும்தான் நினைவுக்கு வந்தார்கள். சினிமா ராணி நின்றது எதிர்ப் பக்கம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே 1940 செப்டம்பரிலேயே கவர்னர் பொன்வேன், தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டார். எங்கள் பெரியவர்களுக்கு ஜெர்மனியை எதிர்த்ததில் பெருமை உண்டு. மகன் ஓசூர் தொழிற்சாலையில் வேலைக்கு வந்ததால் இந்தப் பக்கம் குடிவந்த பிறகு, நேதாஜி படத்தைப் பூஜை அறையில் வைத்திருந்த பெரியவர்களிடம் பேசிப் பார்த்தேன். ஒரே யுத்தம், இரண்டு நியாயம். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்பை வைத்து எடுத்த பெரிய நகைச்சுவைப் படம் 'லா கிராந்த் வத்ரூய்'. பூர்வீல், லூயி த ஃபுனேஸ் நடித்தது. அது வந்தது 1966-ல், யுத்தம் முடிந்து 21 வருஷம் கழித்து. காயம் ஆறியபின் சிரித்தார்கள். 'பர்மா ராணி'க்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்களின் கால் புண்ணே அப்போது ஆறியிருக்காது.

அந்த அகதிகளின் கதையைத் தமிழ் சினிமா சொன்னது 1952-ல். 'பராசக்தி'யில் ரங்கூனில் இருக்கும் மூன்று சகோதரர்களும் யுத்தத்தில் சிதறித்தான் தாய்நாடு வருகிறார்கள். அதில் விமானப்படை சாகசம் கிடையாது. வந்தவனுக்குச் சோறில்லை, வேலையில்லை. ஏழே வருஷத்தில் ஒரே சம்பவத்தின் இரண்டு முகங்கள். முதலாவதை எழுத வைத்தது உத்தரவு. இரண்டாவதை எழுத வைத்தது வயிறு.

அதனால் 'பர்மா ராணி' வீண் என்று நான் சொல்லவில்லை. உத்தரவின் பேரில் செய்த வேலையையும் ஒழுங்காகச் செய்த ஒரு கூட்டம் அது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் நடந்து வந்த வழியைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் படத்திலும் அது முழுசாக வரவில்லை. சொல்லக்கூடியவர்களும் இனி அதிகம் பேர் இல்லை.